மூன்று பர்லாங் மணல்

ஆவியில் ஓடுகிற ரோடு ரோலரின் ஊதலை நேரில் கேட்டவர்கள் யாராவது இன்னும் இருக்கிறீர்களா? இருந்தால் உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். வீட்டுப் பிள்ளைகளிடம் சொன்னால், "அதான் போன்ல பாத்துட்டோமே" என்று எழுந்து போய்விடுகிறார்கள். போனில் சூடு தெரியுமா? கரிப்புகை தொண்டையைக் கமறுமா? அந்த ஊதல் அடிவயிற்றில் போய்க் குடையுமே, அது தெரியுமா? கிடக்கட்டும், விடுங்கள். நம் வயசுக்காரர்கள் நாலு பேருக்கு விளங்கினால் போதும்.

அந்த ரோலரை ஓட்டியவர் எங்கள் அத்தா; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கோட்டையூரில் எங்கள் வீடு. அத்தா ஒரு கான்ட்ராக்டரிடம் டிரைவர். எங்கே ரோடு போடுகிறார்களோ அங்கே மாதக்கணக்கில் கிடப்பார். வாரத்துக்கு ஒருமுறை தார் வாசத்தோடு வீட்டுக்கு வந்து, குளித்துத் தூங்கி, மறுபடி போய்விடுவார். அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், மார்கழியும் நோன்பு மாசமும் சேர்ந்து வந்தன. அம்மா ஒரே பிடிவாதமாக நின்றாள். "நோன்பு மாசத்துல நீக ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கமா? பானை சட்டியக் கட்டியாச்சு, நாங்களும் வாரோம்." அத்தா எங்களையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்ற ஒன்றே எனக்குப் பெருநாள் மாதிரி இருந்தது.

குன்றக்குடியைத் தாண்டித் திருப்பத்தூர் போகிற வழியில் ஒரு சிறிய ஊர். காரைக்குடியில் புறப்பட்டு சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று போகிறதே, அந்த ரோடுதான். இன்றைக்கு அதற்கு ஒரு எண் கொடுத்து, பச்சைப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த எண் மனதில் நிற்பதே இல்லை. அந்த ரோட்டை யார் போட்டார்கள் என்று கேட்டால் எங்கள் ஊர்ப்பக்கம் ஒரே பதில்தான் வரும்: காவடிக்காரர்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களின் கால் பட்டுத் தடம் விழுந்தது. அந்தத் தடத்தில் மாட்டு வண்டி போனது. வண்டித் தடத்தில் சரளை கொட்டினார்கள். சரளையில் பஸ் வந்தது. கடைசியாகத் தார் வந்தது. அதுவும் ஒரேயடியாக வரவில்லை, துண்டு துண்டாக வந்தது. அந்தப் பக்கம் தார், இந்தப் பக்கம் தார், நடுவில் இந்த ஊர் மட்டும் செம்மண் புழுதியில் மாட்டிக்கொண்டு நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள் இந்த ஊர் வந்ததும் மூக்கைப் பொத்துவார்களாம். பஞ்சாயத்துத் தலைவருக்கு அது பெரிய மானக்கேடு.

அதனால் அத்தா போய் இறங்கிய அன்றைக்கே தலைவர் வந்துவிட்டார். "பாய், காவடி வர்றதுக்குள்ள முடிஞ்சிருமா?"

"பாப்போங்க."

"பாப்போம்னு சொல்லாதீக. வருஷா வருஷம் நம்ம ஊருலதேன் மத்தியானச் சாப்பாடு. இந்த வருஷம் காவடிப் பெரியவுக கால் தார்ரோட்டுல நடக்கணும். புழுதியில நடக்கவிட்டா அந்த ஊர்க்காரன் சிரிப்பான்." எந்த ஊர்க்காரன் என்று அவரும் சொல்லவில்லை, அத்தாவும் கேட்கவில்லை.

ஊரில் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு கிடைத்தது. ரோட்டின் கிழக்கு முனையில் முதல் வீடு. அதற்குப் பக்கத்துப் புளியமரத்தடியில்தான் ரோலர் நிற்கும். அது நின்றதால்தான் எனக்குக் கூட்டாளிகள் கிடைத்தார்கள் என்பதை மறைப்பானேன்? முதல் நாளே தலைவர் மகள் வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்து, "இது உங்களுதா?" என்றாள். "எங்க அத்தாவோடது" என்றேன். அவ்வளவுதான், அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டாள். கொஞ்சம் பொய்தான். கான்ட்ராக்டர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

அந்த ஊரில் பள்ளிவாசல் கிடையாது. பாங்கு கேட்டு நோன்பு திறக்க வழியில்லை. அத்தா என்ன செய்தார் தெரியுமா? பொழுது இறங்கியதும் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து, ரோலரின் ஊதலைப் பிடித்து ஒரு இழு இழுப்பார். பூ...ம் என்று ஊர் முழுக்கக் கேட்கும். அம்மா பேரீச்சம்பழத்தை வாயில் வைப்பாள். ஊர்ப் பெண்களும் அந்தச் சத்தத்துக்கே விளக்கேற்றப் பழகிவிட்டார்கள். "பாய் ஊதிட்டாரு, மாட்டைக் கட்டு" என்று யாரோ யாரையோ விரட்டுவது எங்கள் வீடு வரை கேட்கும். தலைவர் மகள் தினமும் அந்த நேரத்துக்குக் கிண்ணத்தோடு ஆஜர். நோன்புக் கஞ்சிக்குத்தான். ஒரு நாள் அத்தா அவளைத் தூக்கி நிறுத்தி ஊதலை இழுக்க விட்டார். எனக்கு வந்த பொறாமை இருக்கிறதே, இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மற்றபடி பகல் முழுக்க ரோட்டில்தான் கிடப்போம். தார் டிரம்மை உருட்டி வந்து உடைத்து, கொப்பரையில் போட்டு விறகு வைத்து எரிப்பார்கள். அதற்கு ஒரு அக்கா இருந்தாள். கொப்பரை அக்கா என்றே எல்லோரும் கூப்பிட்டோம். காலில் பழைய சாக்கை முழங்கால் வரைக்கும் சுற்றிச் சணல் கயிற்றால் கட்டியிருப்பாள். காய்ச்சிய தாரைப் பூவாளியில் மொண்டு, பின்னாலேயே நடந்து ஊற்றிக்கொண்டு போவாள். அதன்மேல் பொடி ஜல்லியை வீசுவார்கள். அதற்கும் பின்னால் அத்தாவின் ரோலர், எங்கள் நடையைவிட மெதுவாக, தரை நடுங்க நடுங்க வரும். ஐயோ, அந்த நடுக்கம் உள்ளங்காலில் ஏறுவதற்காகவே நாங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ரோட்டோரத்தில் நிற்போம்!

நான் அந்த மாசம் முழுக்க அடித்த பெருமைக்கு அளவில்லை. "எங்க அத்தா போட்ட ரோட்டுலதேன் இந்த வருஷம் காவடி போவும்" என்று கிணற்றடியில், கடையில், கோயில் வாசலில், எங்கும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

நோன்புப் பெருநாள் வந்தது. அம்மா அரக்குக் கலரில் கட்டம் போட்ட புதுக் கண்டாங்கிச் சேலை கட்டினாள். அவளுடைய அண்ணன் எடுத்துக் கொடுத்தது. எனக்கு மஞ்சள் பாவாடை. அன்று ஒரு நாள்தான் அத்தா ரோலரைத் தொடவில்லை. மறுநாள் விடிந்ததும் தலைவர் வந்து வாசலில் நின்றார். இன்னும் கடைசி மூன்று பர்லாங், அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவாக, பாக்கி இருந்தது. எங்கள் வீட்டு முனையில் தொடங்கி, காவடிக்குச் சாப்பாடு போடுகிற ஊர் மடம் வரைக்கும் உள்ள துண்டு. காவடிக்கு நாலைந்து நாள்தான் இருந்தது.

"இதை இப்பப் போட்டா ஆறாதுங்க. ஜல்லி உக்காரணும், பஸ்சு நாலு நாள் ஓடணும்" என்றார் அத்தா.

"பாய், பந்தக்கால் ஊண்டியாச்சு. நீங்க போடுங்க, முருகன் பாத்துக்குவான்."

போட்டார்கள். காவடிக்கு முந்தைய நாள் மத்தியானம் வரை உருட்டினார் அத்தா. அதற்குப் பிறகு அவர் செய்த ஒரு காரியம் எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. இரண்டு வண்டி ஆற்று மணலை வரவழைத்தார். கொப்பரை அக்காவை வைத்துச் சல்லடையில் சலிக்கச் சொன்னார். அந்தப் புத்தம்புது கறுப்பு ரோட்டின் மேல், மூன்று பர்லாங்குக்கும் பூ மாதிரித் தூவிவிட்டார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மெதுவாக மடம் வரை நடந்து போய், திரும்பி நடந்து வந்தார். இடையிடையே நின்று, பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நானும் தலைவர் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்தக் காலத்து அத்தாக்கள் எங்கே சொன்னார்கள்?

மறுநாள் விடிவதற்கு முன்பே அத்தா சைக்கிளில் திருப்பத்தூர் போய்விட்டார், கான்ட்ராக்டரைப் பார்க்க. மத்தியானம் ரோலரை அடுத்த வேலைக்குக் கிளப்ப வேண்டும். அதனால் கரி போட்டு ஆவி ஏற்றும்படி ஆளிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான் எழுந்து வாசலுக்கு வந்தபோது ஊர்ப் பெண்கள் துடைப்பமும் வாளியுமாக ரோட்டில் நின்றார்கள். அது அந்த ஊர் வழக்கம். காவடி வருகிற அன்று விடியலில் ஊர் எல்லை முதல் மடம் வரைக்கும் ரோட்டைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட வேண்டும். வீட்டு வாசல் மாதிரி. ஆனால் அன்று ஒருத்தரும் துடைப்பத்தைத் தரையில் வைக்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னடி இது, புது ரோடுன்னாக, மணலாக் கெடக்கு?"

"வேலை முடியலையோ என்னமோ. பாயைக் கேக்கலாம்னா ஆளக் காணோம்."

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அத்தாவின் ரோட்டைப் பார்த்து வேலை முடியவில்லை என்பதா? உள்ளே ஓடினேன். எங்கள் வீட்டுத் துடைப்பத்தை எடுத்து வந்து, எல்லோருக்கும் முன்னால் நின்று ஒரு வீச்சு வீசினேன். மணல் விலகியது. உள்ளே கன்னங்கரேலென்று ரோடு மின்னியது! "பாத்தீகளா?" என்று கத்தினேன். "ஏ யாத்தே!" என்றாள் தலைவர் மகள். அவ்வளவுதான். முப்பது நாற்பது துடைப்பங்கள் ஒரே நேரத்தில் இறங்கின. நல்ல மணலாக இருக்கிறதே என்று கூடை கூடையாக அள்ளிச் சாப்பாட்டுப் பந்தலில் பரப்பினார்கள். மிச்சம் ரோட்டோரப் பள்ளத்தில் போனது. ஒன்பது மணிக்கெல்லாம் மூன்று பர்லாங்கும் கழுவித் துடைத்தாற்போல ஆகிவிட்டது. கறுப்புத் தாரில் வெள்ளைக் கோலம் எப்படி இருந்தது என்கிறீர்கள்! அப்படி ஒரு அழகை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தலைவர் வந்து பார்த்துவிட்டு, "இப்பத்தேன் ரோடு மாதிரி இருக்கு" என்று மீசையைத் தடவினார்.

பதினொரு மணி இருக்கும். கிழக்கே "அரோகரா" கேட்டது. நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் எங்கள் வீட்டு முனையில் கூடி நின்றோம். மயில்தோகை தெரிந்தது. முன்னால் காவடிப் பெரியவர். இளையாத்தங்குடிப் பக்கத்துச் செட்டியார், நாற்பது வருஷமாக நடக்கிறவர் என்றார்கள். பின்னால் நூற்றுக்கணக்கில் ஆண்கள், ஆச்சிமார்கள், மஞ்சள் துணிகள். எல்லோரும் வெறுங்கால்.

பெரியவர் பழைய ரோட்டிலிருந்து புது ரோட்டில் காலை வைத்தார். எடுத்தார். மறு காலை வைத்தார். எடுத்தார். நின்றுவிட்டார். அரோகரா சத்தம் முன்வரிசையில் தொடங்கிப் பின்வரிசை வரைக்கும் ஒவ்வொன்றாக அடங்கியது. அவருடைய பாதத்தைப் பார்த்தேன். காலைக் குளிரில் எங்கள் காலில் அவ்வளவாக ஒட்டாத தார், வெயிலில் இளகிப் பொடி ஜல்லியோடு அதில் அப்பியிருந்தது. ஒரு கல்லின் பக்கத்தில் சொட்டு ரத்தம்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அத்தா எதற்கு மணல் போட்டார், எதற்கு வெறுங்காலில் நடந்து பார்த்தார், எல்லாம். துடைப்பம் இன்னும் என் கையில்தான் இருந்தது. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

ரோட்டோரமாக நடக்க வழியில்லை. இரண்டு பக்கமும் மண் வெட்டிய பள்ளம், ஜல்லிக் குவியல், கருவேல முள். பெரியவர் சுற்றிலும் பார்த்தார். "கண்மாய்க் கரையோட போயிருவோமப்பா. ஊரைச் சுத்திக்கிட்டு அங்குட்டு ஏறிக்கலாம்."

தலைவர் முகம் செத்துப்போனது. "ஐயா, சாப்பாடு ஆக்கி எறக்கியாச்சுங்க. ஊரே காத்துக் கெடக்கு."

"ஆக்குனது தெரியும். என் காலு போனாப் பரவால்ல, பின்னால பிள்ளைகளும் ஆச்சிமாரும் வருதுகளே."

"ஐயா, ஒரு வருஷம் வழி மாறினா மாறினதுதாங்க. அடுத்த வருஷம் எங்க ஊரு காவடிக்கு ஞாபகமே இருக்காதுங்க." தலைவர் அழுதேவிட்டார். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சரியாக அந்த நேரத்தில் அத்தாவின் சைக்கிள் வந்தது. இறங்கினார். ரோட்டைப் பார்த்தார். கோலத்தைப் பார்த்தார்.

"மேல மணல் போடாம ரோட்டை இப்பிடி விடுவாகளா? யாரு பாத்த வேலை?" என்று கேட்டார் பெரியவர்.

"மணல் கெடந்துச்சுங்க, காலையில..." என்று ஒரு பெண் தொடங்கினாள். நான் துடைப்பத்தை இன்னும் பின்னால் தள்ளினேன்.

"நாந்தேங்க கூட்டச் சொன்னேன்" என்றார் அத்தா. "கறுப்பாத் தெரியட்டும்னு நெனச்சுட்டேன். தப்பு எம்மேலதேன்."

கூட்டம் முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. தலைவர் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை. பத்து வயதுக்கு அவ்வளவுதான் தைரியம்.

கொப்பரை அக்காதான் முன்னால் வந்தாள், சாக்குச் சுற்றிய காலோடு. "ஐயா, சாக்கு இருக்கு. கால்ல கட்டிக்கிருங்க."

"காவடி எடுத்த கால்ல எதும் கட்டப்படாது தாயி."

"அப்பக் கால்ல கட்ட வேணாம். தரையில விரிக்கிறேன்." சொல்லிக்கொண்டே தன் காலில் இருந்த கட்டை அவிழ்த்துப் புது ரோட்டில் விரித்தாள். நாலடிக்குத்தான் காணும்.

அப்போது எங்கள் வீட்டுக் கதவு திறந்தது. அம்மா வந்தாள். வேற்று ஆண்கள் எதிரில் அதிகம் வந்து நிற்காத அம்மா, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் பெருநாள் கண்டாங்கியோடு வந்தாள். சாக்கு முடிந்த இடத்தில் ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி, உதறி நீளமாக விரித்தாள். பெரியவர் தயங்கினார். "அடடா, புதுச் சேலை. அது மேல காலை வைக்கிறதாம்மா?"

"பழனிக்கு நடக்குற காலுங்க. வைக்கலாம்" என்றாள் அம்மா.

அத்தா அதற்குள் புளியமரத்துக்கு ஓடிவிட்டார். ரோலரில் ஏறி ஊதலைப் பிடித்து இழுத்தார். பூ...ம். பூ...ம். விடவே இல்லை. பட்டப்பகலில் ஊதினால் ஊர் என்ன நினைக்கும்? அடித்துப் பிடித்து ஓடி வந்தது. தலைவர் தொண்டை கிழியக் கத்தினார்: "துணி கொண்டாங்க! நடைபாவாடை! வீட்டுல இருக்குறதை எல்லாம் கொண்டாங்க!" கல்யாண மாப்பிள்ளைக்கு நடைபாவாடை விரிக்கிற ஊர்தானே, சொன்னதும் புரிந்துகொண்டார்கள். சேலை வந்தது, வேட்டி வந்தது, ஜமுக்காளம், போர்வை, தலைவர் வீட்டுப் பெட்டியில் பூட்டியிருந்த பட்டு அங்கவஸ்திரம், எல்லாம் வந்தது. இருந்தும் மூன்று பர்லாங்குக்கு எங்கே காணும்?

அங்கேதான் நாங்கள்! பின்னால் வருகிறவர்கள் தாண்டியதும் துணியைப் பிய்த்து எடுத்து, சுருட்டி, முன்னால் ஓடி, மறுபடி விரிக்க வேண்டும். தாரிலிருந்து துணியை இழுத்தால் சர்ர்ரென்று ஒரு சத்தம் வரும். நானும் தலைவர் மகளும் ஒரு ஜோடி. ஜல்லிக் குவியலில் ஏறி இறங்கி, முள் கிழிக்க, மூச்சு வாங்க ஓடினோம். "இங்குட்டு! இங்குட்டு விரி! ஏய், மடிக்காத, இழு!" நூறு குரல். நடுவில் அரோகரா மறுபடி கிளம்பிவிட்டது. நடக்கிற ஆச்சிமார்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எங்க கலியாணத்துக்குக்கூட இம்புட்டு நீளம் விரிக்கலயேடி" என்றாள் ஒரு ஆச்சி. என் மஞ்சள் பாவாடை கறுப்பாகிவிட்டது. ஒருமுறைகூட அதைப் பற்றி எனக்கு நினைப்பு வரவில்லை. கடைசித் துணி மட வாசலைத் தொட்டபோது பார்த்தால் அது அம்மாவின் கண்டாங்கி. முதலில் விரித்ததே சுற்றிச் சுற்றிக் கடைசிக்கும் வந்திருந்தது.

பந்தலில் காவடியை இறக்கி வைத்துவிட்டுப் பெரியவர் மணலில் உட்கார்ந்தார். கையில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "நல்லாச் சலிச்ச மணலா இருக்கே. எங்குட்டு எடுத்தீக?"

"ரோட்டுல கெடந்ததுங்க" என்றார் தலைவர்.

பெரியவர் அவரைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. பந்தலே சிரித்தது. அத்தாவும் சிரித்தார். நான் மட்டும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன்.

மறுநாள் ஓவர்சியர் ஜீப்பில் வந்து, "என்னய்யா ரோட்டுல கட்டம் கட்டமா அச்சு?" என்று கேட்டார். எங்கள் வீட்டு முனையில் அம்மாவின் சேலைக் கட்டம் தாரில் பதிந்திருந்தது. அதை உருட்டி மறைத்துவிட்டுத்தான் அத்தா கிளம்பினார். கண்டாங்கி என்ன ஆனது என்கிறீர்களா? மண்ணெண்ணெய் போட்டும் போகவில்லை. ரோலரைத் துடைக்க எடுத்துக்கொள்ளச் சொன்னாள் அம்மா. அத்தா துடைக்கவில்லை. மடித்து ரோலர் சீட்டில் போட்டு, வருஷக்கணக்கில் அதன் மேல் உட்கார்ந்தே ஓட்டினார். அந்த ரோலரும் போய்விட்டது, சேலையும் அதோடு போய்விட்டது.

அடுத்த வருஷம் மார்கழிக் கடைசியில் கோட்டையூருக்குத் தலைவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அத்தா சத்தமாகப் படித்தார். "ரோடு நன்றாக ஆறிவிட்டது. ஆனாலும் பாய் வந்து மணல் போட்டுத் தர வேண்டும் என்று பெரியவர் சொல்லியனுப்பியிருக்கிறார். காவடி நம் ஊர் வழியாகத்தான் வருகிறது. இந்தத் தடவை தயவுசெய்து கூட்டச் சொல்லிவிட வேண்டாம்." அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைக் கூட்டச் சொன்னது அத்தாதான் என்றே ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தது. எத்தனை பேர் அப்படியே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்களோ!

அத்தா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அதே முனை, அதே புளியமரம். சலித்த மணல் குவிந்து கிடந்தது. கூடையை நிரப்பி என் இடுப்பில் வைத்தார்.

"போன வருஷம் எடுத்தவ நீ. போடுறதும் நீதேன்."

எனக்குக் கூடை நழுவிவிட்டது. "அத்தா, உங்களுக்குத் தெரியுமா?"

"நம்ம வீட்டுத் தொடப்பம் எனக்குத் தெரியாதா புள்ள? நுனியில பூராம் தாரு."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தா கூடையை மறுபடி எடுத்துக் கொடுத்தார். மூன்று பர்லாங்கும் நான்தான் தூவினேன். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, பாதத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தபடி, என் பின்னாலேயே நடந்து வந்தார்.